வெறும் ஓட்டம் போதாது

இளம் வீரர்களின் உடலை வலுவாக்கும் வித்தையை இந்தியா தாமதமாகக் கற்றுக்கொண்டது. ஆனால் அந்த அறிவு இன்னும் தேசிய முகாம்களின் வாசலைத் தாண்டவில்லை. அது அவசியமாகத் தேவைப்படுவது பள்ளி மைதானங்களில்.

2021 ஆகஸ்ட் 2. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி கால் இறுதி. 22-வது நிமிடத்தில் குர்ஜித் கவுர் அடித்த ஒற்றை கோலைக் காப்பாற்ற இந்திய அணி போராடிக்கொண்டிருந்தது. எதிரே, அதுவரை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத ஆஸ்திரேலியா. ஜப்பானியக் கோடையின் புழுக்கத்தில் கடைசிக் கால் மணி நேரம் தொடங்கியபோது, இந்திய ஹாக்கியை நெடுநாள் பார்த்து வந்தவர்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். முதல் பாதியில் மின்னிவிட்டு, கடைசி நிமிடங்களில் கால் ஓய்ந்து, கோல் வாங்கித் தோற்பது அவர்களுக்குப் பழகிப்போன கதை. அன்று அது நடக்கவில்லை. பந்தைப் பறிகொடுத்தவர்கள் விரட்டிக்கொண்டு திரும்ப ஓடிவந்தார்கள். கடைசி விசில் வரை ஓடினார்கள். முடிவு: 1-0.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், ரியோவில் இதே ஆஸ்திரேலியா இந்தியாவை 6-1 என்று துவைத்து எடுத்தது. 36 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் காலடி வைத்த அணி, 12 நாடுகளில் 12-வதாக ஊர் திரும்பியது. டோக்கியோவிலோ நான்காவது இடம். பிரிட்டனிடம் 4-3 என்ற கணக்கில் வெண்கலம் கைநழுவியது.

மட்டையைப் பிடிக்கும் திறமை ஐந்தாண்டில் இவ்வளவு மாறிவிடாது. கால்களும் முதுகும் மூச்சும் மாறியிருந்தன. நெதர்லாந்துக்காரரான தலைமைப் பயிற்சியாளர் ஷோர்ட் மரைனுடன், 2017-லிருந்து தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வேய்ன் லொம்பார்ட் அணியின் அறிவியல் ஆலோசகராக இருந்தார். யார் எவ்வளவு ஓட வேண்டும், எப்போது எடை தூக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எப்போது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுத் தீர்மானிப்பது அவர் வேலை. ஆண்கள் அணியில் அதே பொறுப்பு ராபின் ஆர்கெல்லிடம் இருந்தது. அந்த அணி டோக்கியோவில் 41 ஆண்டுப் பதக்கப் பஞ்சத்தைத் தீர்த்தது. 2024-ல் பாரிஸிலும் வெண்கலம் வென்றது.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது. இந்த வீராங்கனைகளில் பலருக்கு உடலைப் பற்றிய இந்த அறிவு கிடைத்தது தேசிய முகாமுக்கு வந்த பிறகுதான். ஆனால் விளையாட்டு வீரரின் உடல் உருவாவதோ உடைவதோ பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குள். அந்த வயதில் அவர்களைப் பார்த்துக்கொள்வது யார்?

புல் போனது, மூச்சு வாங்கியது

இந்தியா உடல் வலுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய கட்டாயம் 1976-ல் மான்ட்ரியாலில் தொடங்கியது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் ஆடப்பட்டது. 1928-லிருந்து பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா ஏழாவது இடத்துக்கு விழுந்தது. புல்தரையில் பந்தை நிறுத்தி, வளைத்து, ஏமாற்றி ஆடிய காலம் போய்விட்டது. செயற்கைத் தளத்தில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கிறது. ஆளும் அதே வேகத்தில் பறந்தாக வேண்டும். பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்ற விதி வந்தது. அதன் பின் ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்காகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றமும் வேகத்தைக் கூட்டியது. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்திய ஆண்கள் தகுதியே பெறவில்லை. 2012-ல் லண்டனில் கடைசி இடம்.

ஹாக்கி, கால்பந்து, கபடி, கூடைப்பந்து ஆகிய குழு ஆட்டங்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. யாரும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பதில்லை. பத்து மீட்டர் பாய்ச்சல், சட்டென்று நிற்பது, திரும்புவது, நாலு அடி நடை, மறுபடி பாய்ச்சல். நிற்பதற்குத்தான் பாய்வதைவிட அதிக வலு வேண்டும். ஓடும் வேகத்தில் வரும் முழு உடலையும் ஒரு காலின் தொடைத் தசை பிடித்து நிறுத்தியாக வேண்டும். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடச் சொல்லும் வழக்கமான பயிற்சி இதில் எதையும் கற்றுத் தருவதில்லை. அது மெதுவாக, நெடுநேரம் ஓடக் கற்றுத் தருகிறது.

இந்த உண்மையைச் சாதாரண ரசிகர்வரை கொண்டு சேர்த்தது கிரிக்கெட். டென்மார்க்கைச் சேர்ந்த உடலியங்கியலாளர் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கிய யோ-யோ சோதனை, 2017-ல் இந்திய அணித் தேர்வுக்குள் நுழைந்தது. 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்பி, பத்து விநாடி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். ஒலிநாடாவின் 'பீப்' சத்தம் போகப்போக அவசரப்படுத்தும். அன்று தேர்ச்சி மதிப்பெண் 16.1. 2018-ல் முகமது ஷமி, அம்பட்டி ராயுடு, சஞ்சு சாம்சன் ஆகியோர் இந்தச் சோதனையில் தவறி வாய்ப்பை இழந்தபோது, டீக்கடையில்கூட யோ-யோ பற்றிப் பேச்சு நடந்தது. அப்போது அணியின் பயிற்சியாளராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த சங்கர் பாசு. விராட் கோலி எடைப் பயிற்சியின் பக்கம் திரும்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2025-ல் ரக்பியிலிருந்து 'பிராங்கோ' என்ற புதிய சோதனை வந்தது. 20, 40, 60 மீட்டர் தூரங்களைப் போய்த் திரும்பி, இடைவிடாமல் ஐந்து சுற்று. மொத்தம் 1,200 மீட்டர்.

ஆனால் சோதனை என்பது தெர்மாமீட்டர். அதை மருந்தாக நினைப்பதுதான் தவறு. பெரியவர்களின் சோதனையை அப்படியே பதினான்கு வயதுச் சிறுவர்கள்மேல் நடத்தி, தோற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது சுலபம். தோற்றவனைத் தேறவைக்கும் வழி தெரிந்திருப்பதுதான் பயிற்சி.

தண்டாலும் பஸ்கியும்

அந்த வழியை அடைத்துக்கொண்டு ஒரு பழைய பயம் நிற்கிறது. சிறு வயதில் எடை தூக்கினால் உயரமாக வளர மாட்டார்கள் என்ற நம்பிக்கை பெற்றோர்களிடம் மட்டுமல்ல, பல பயிற்சியாளர்களிடமும் இருக்கிறது. பயத்துக்கு ஒரு காரணமும் உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் மிருதுவான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் அடிபட்டால் வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஆனால் முறையாகக் கற்றுக்கொடுத்து, ஒருவர் பக்கத்தில் நின்று கவனித்து நடத்தும் வலுப் பயிற்சியால் வளர்ச்சி தடைப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2020-ல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. வளர்ச்சித் தட்டுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் கண்காணிப்பில்லாத ஜிம்மில், சக்திக்கு மீறிய எடையைத் தப்பான நிலையில் தூக்கும்போதுதான்.

பருவமடையாத பிள்ளைகள் வலுப் பயிற்சி செய்தால் தசை புடைப்பதில்லை. ஆனால் வலு கூடுகிறது. இருக்கிற தசைநார்களை மூளையும் நரம்புகளும் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதே காரணம். ஏழெட்டு வயதுப் பிள்ளை, சமநிலையோடு நிற்கவும் சொல்வதைப் புரிந்து செய்யவும் முடிந்தால், தொடங்கிவிடலாம். அதற்கு இரும்பும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். சொந்த உடம்பின் எடையே போதும். இந்திய மல்யுத்தக் களங்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பது இதுதான். தண்டாலும் பஸ்கியும் ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு இன்று உலகத்தின் எல்லாப் பயிற்சிக் கூடங்களிலும் இருக்கின்றன. ஒரே வித்தியாசம், அன்று எத்தனை எடுத்தான் என்று எண்ணினார்கள். இன்றைய அறிவு, எப்படி எடுத்தான் என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. உட்காரும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா, குதித்து இறங்கும்போது சத்தம் கேட்கிறதா, முதுகு வளைகிறதா?

பெண் குழந்தைகளுக்கு இந்தக் கேள்விகள் மிக முக்கியம். ஓடி, நின்று, திரும்பும் ஆட்டங்களில், முழங்காலுக்குள் இரண்டு எலும்புகளையும் இழுத்துப் பிடித்திருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துபோகும் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அறுந்தால் அறுவைச் சிகிச்சை, குறைந்தது ஒன்பது மாதம் வீட்டில். ஏழை வீட்டுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் அதோடு ஆட்டமே முடிந்துவிடுகிறது.

இதைப் பெருமளவு தவிர்க்க முடியும் என்பதற்கு நார்வேயில் செய்த ஒரு சோதனை சாட்சி. 13 முதல் 17 வயது வரையிலான 1,892 கால்பந்து வீராங்கனைகளில் ஒரு பாதிக்கு, பயிற்சிக்கு முன் 20 நிமிடம் ஒரு புதிய தயாரிப்புப் பயிற்சி கற்றுத் தரப்பட்டது. மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து மென்மையாக இறங்குவது, தொடைக்கும் இடுப்புக்கும் வலுப் பயிற்சி, அவ்வளவுதான். 2008-ல் வெளியான முடிவின்படி, கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 26,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய இன்னொரு கட்டுரை, 2014-ல், வலுப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று கண்டது. இந்திய மைதானங்களில் தவறாமல் நடக்கும் 'ஸ்ட்ரெச்சிங்' காயத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும் அதே அலசல் சொன்னது.

உடையும் முதுகுகள்

வலுவில்லாத இளம் உடல்மேல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் சுமத்தினால் என்ன ஆகும் என்பதை வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகு சொல்கிறது. வீசும் கணத்தில் முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை மேலேறுகிறது. அதே சமயம் முதுகு வளைந்து, முறுக்கிக்கொள்கிறது. கீழ் முதுகெலும்பு முழுதாக முற்றுவதற்கு இருபது வயதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் நாள்தோறும் வீசிக்கொண்டிருந்தால், வளைத்து வளைத்து ஒடியும் கம்பிபோல் எலும்பில் மயிரிழை விரிசல் விழும்.

2018-ல் நியூசிலாந்தில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. கமலேஷ் நாகர்கோட்டியும் சிவம் மாவியும் அந்தத் தொடரின் வேகப் புயல்கள். ஐபிஎல் ஏலத்தில் நாகர்கோட்டிக்கு 3.2 கோடி, மாவிக்கு 3 கோடி. ஆனால் முதுகு விரிசல் நாகர்கோட்டியை 2019 ஐபிஎல் தொடரில் உட்காரவைத்தது. மாவி 2019-ல் அதே கோளாறால் ஆடவில்லை. முதுகுக் காயம் அனுபவசாலிகளையும் விடுவதில்லை. ஜஸ்பிரித் பும்ரா 2022-ன் டி-20 உலகக் கோப்பையைத் தவறவிட்டு, 2023-ல் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். வித்தியாசம் இதுதான்: பும்ராவுக்கு உலகின் சிறந்த மருத்துவர்கள் கிடைத்தார்கள். மாவட்ட அணியில் வீசும் பதினைந்து வயதுப் பையனுக்கு, முதுகு வலி என்று சொன்னால் தைலம்தான் கிடைக்கும். பெரும்பாலும் அவன் சொல்லவும் மாட்டான். சொன்னால் இடம் போய்விடும்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இதற்காகவே இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு எல்லைக்கோடு போட்டுவைத்தது. 13 வயதுக்குட்பட்டவர் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 15 வயதுக்குட்பட்டவர் 6 ஓவர், 12 ஓவர். இந்தியாவிலோ, திறமையுள்ள பையன் காலையில் பள்ளிக்காகவும் மாலையில் அகாடமிக்காகவும் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்காகவும் வீசுகிறான். மூன்று இடத்திலும் மூன்று பயிற்சியாளர்கள். மொத்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

வயது என்ற கணக்கே இங்கு சிக்கலானது. பெண்கள் சுமார் பன்னிரண்டு வயதிலும், ஆண்கள் சுமார் பதினான்கு வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். சிலருக்கு இது இரண்டு வருடம் முன்பே வரும், சிலருக்குத் தள்ளிப்போகும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல், நேற்றுவரை லாவகமாக ஆடிய பிள்ளை திடீரென்று தடுமாறும். முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வரும். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து இன்னும் நாலு ரவுண்டு ஓடவைப்பவர்கள் உண்டு. அந்தச் சில மாதங்களில் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, சமநிலைக்கும் வலுவுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். இந்தியக் கிரிக்கெட் வாரியம் வயது மோசடியைப் பிடிக்கச் சிறுவர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறது. ஒரு பிள்ளையின் எலும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும் அதே படம், அவன் எவ்வளவு சுமை தாங்குவான் என்று தீர்மானிக்கவும் உதவும்.

பாலில் கலந்த தண்ணீர்

எந்தப் பயிற்சியும் சோற்றுக்குப் பிறகுதான். டோக்கியோ அணியின் கேப்டன் ராணி ராம்பால், ஹரியானாவின் ஷாபாதில் வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள். அங்கே பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தினமும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும். ராணியின் வீட்டில் 200 மில்லிலிட்டர் வாங்கத்தான் வசதி. மீதிக்குத் தண்ணீர் கலந்து கொண்டுபோனதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2010-ல், 15 வயதில், அவர் உலகக் கோப்பை ஆடினார். 2024-ல் ஓய்வு பெற்றார்.

தண்ணீர் கலந்த பாலோடு மைதானத்துக்கு வரும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹாக்கி வீராங்கனைகளை விளைவிக்கும் ஜார்கண்டில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 65 சதவீதம். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் தசைக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராது. அந்தப் பெண் ஐந்தாவது பாய்ச்சலில் நின்றுவிட்டால் அதற்குக் காரணம் மன உறுதியின்மை அல்ல.

செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத உடல் தன் கணக்கை வேறு இடத்தில் தீர்த்துக்கொள்கிறது. மாதவிலக்கு தவறும் அல்லது நின்றுபோகும், எலும்பு மெலியும், சிறு அடிக்கும் விரிசல் விழும். மாதவிலக்கு நின்றால் தொல்லை விட்டது என்று நினைக்கும் வீராங்கனைகளும், அதைப் பற்றிக் கேட்கவே கூச்சப்படும் ஆண் பயிற்சியாளர்களும் இருக்கும் இடத்தில் இந்த எச்சரிக்கை யார் காதிலும் விழுவதில்லை. 2018-ல் தொடங்கிய கேலோ இந்தியா திட்டம், தேர்வாகும் இளம் வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 6.28 லட்ச ரூபாய் உதவி அறிவித்தது. அதில் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு. தேர்வானவர்களுக்கு அது பெரிய விஷயம். தேர்வாவதற்கு முந்தைய மூன்று நான்கு வருடங்கள்தான் கேள்வி. உடல் வளர்வது அப்போதுதான்.

மைதானத்தில் யார்?

டோக்கியோவில் ஆடிய சலீமா டேட்டே, ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் மூங்கில் மட்டையோடு ஆட்டத்தைத் தொடங்கியவர். அந்த மாவட்டத்துக்கும் ஒடிசாவின் சுந்தர்கருக்கும் இன்று செயற்கைத் தளங்கள் வந்துவிட்டன. ரூர்கேலாவில் 20,000 பேர் உட்காரும் ஹாக்கி அரங்கமே எழுந்துவிட்டது. தளம் போடப் பணம் கிடைக்கிறது. திறந்துவைக்க மந்திரி வருகிறார். அந்தத் தளத்தில் ஓடும் பன்னிரண்டு வயது முழங்காலைக் கவனிக்க ஒருவரை நியமிப்பதில் கல்வெட்டு எதுவும் கிடைக்காது.

பல பள்ளிகளில் ஒரே பி.டி. மாஸ்டர்தான் எல்லா ஆட்டத்துக்கும். அவரிடம் பதினொரு வயதும் பதினேழு வயதும் ஒரே வரிசையில் நின்று ஒரே பயிற்சியைச் செய்கிறார்கள். தாமதமாக வந்தால் தண்டனையாகத் தோப்புக்கரணம், தோற்றால் தண்டனையாக ஓட்டம். உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுத்துப் பழக்கிய பிறகு, அதை விரும்பிச் செய் என்று எப்படிச் சொல்வது?

அவருக்குத் தேவையானது கோடிகளில் இல்லை. பயிற்சிக்கு முன் 20 நிமிடத் தயாரிப்பு. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நேர்த்தியாகச் செய்யும் தண்டால், பஸ்கி, ஒற்றைக்கால் பயிற்சிகள். அவை கைவந்த பிறகு மெல்ல மெல்ல எடை. வாரத்தில் குறைந்தது ஒரு நாள் முழு ஓய்வு. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிற்கவைத்து உயரம் குறிக்க ஒரு பென்சில். வேகமாக உயர்கிற பிள்ளையை அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார் எவ்வளவு ஆடினார், எங்கே வலிக்கிறது என்ற குறிப்பு. தினம் ஒரு முட்டை அல்லது ஒரு கைப்பிடி சுண்டல். வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.

மேல்மட்டத்தில் மட்டும் செய்யும் சீர்திருத்தம் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் பெண்கள் ஹாக்கியே பதில் சொல்லிவிட்டது. 2024 ஜனவரி 19 அன்று, சலீமாவின் சொந்த மாநிலத் தலைநகரான ராஞ்சியில், ஜப்பானிடம் 1-0 என்று தோற்ற இந்தியா பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. ஒரு தோல்விக்கு நூறு காரணங்கள் இருக்கும். ஆனால் 25 பேர் கொண்ட முகாமை மட்டும் செதுக்கிக்கொண்டிருக்கும் நாட்டுக்கு, அந்த 25 பேர் களைத்தால் அடுத்த 25 பேர் தயாராக இருக்க மாட்டார்கள்.

சிம்டேகாவில் இன்று மட்டையைக் கையில் எடுக்கும் பன்னிரண்டு வயதுப் பெண், தேசிய முகாமுக்கு வர இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. அதுவரை அவள் முழங்கால் தாங்க வேண்டும். குதித்து இறங்கும்போது அது உள்ளே சாய்கிறதா என்று இப்போதே ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும்.